கயாக்கில் பாஸ் பிடிக்க: ராடு, நரம்பு, போலி இரை வாங்கப் போகும் முன்

ஆஸ்டினில் லேடி பேர்ட் ஏரிக்கு முதல் தடவை கயாக் எனும் சின்னத் துடுப்புப் படகைத் தூக்கிக்கொண்டு போனபோது என் கையில் ஏழரை அடித் தூண்டில் ராடு ஒன்று இருந்தது. "பாஸ் மீனுக்கு இதுதான்" என்று கடைக்காரர் கொடுத்தது. அவரைக் குறை சொல்ல முடியாது. பெரிய படகின் மேடையில் நின்று வீசுகிறவருக்கு அது நல்ல ராடுதான். நானோ தண்ணீருக்கு ஒரு முழம் மேலே, லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். வீசுவதற்காகக் கையை ஓங்கும்போதெல்லாம் கைப்பிடியின் அடிப்பக்கம் விலாவில் இடித்தது. ஒரு மணி நேரம் கழித்து முதல் மீன் கடித்தது. பலங்கொண்ட மட்டும் சுண்டினேன். மீன் வரவில்லை, கயாக்தான் மீனை நோக்கிப் போனது.

அன்றைக்கு அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டேன். ஒரு வருடம் போன பிறகுதான், கயாக்குக்கு என்ன வாங்க வேண்டும் என்ற கேள்விக்கான பதில் பாதிக்கு மேல் அதற்குள்ளேயே இருக்கிறது என்று புரிந்தது. பெரிய படகு கனமானது, அசையாது. நீங்கள் இழுத்தால் மீன் வரும். கயாக் நீங்களும் சாமானுமாகச் சேர்ந்தாலும் லேசுதான். இழுத்தால் அதுதான் முதலில் நகரும். அதிலும் நீங்கள் தாழ உட்கார்ந்திருக்கிறீர்கள், எழுந்து நகர இடமில்லை, முள்ளும் கத்தியும் இடுக்கியும் மடியிலேயே கிடக்கின்றன. ராடு, நரம்பு, இரை மூன்றையும் இதை மனதில் வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நான் டெக்சஸில் பிடிப்பவன். அதனால் கீழே சொல்வதெல்லாம் லார்ஜ்மவுத் பாஸ் எனும் பெரிய வாய் பாஸைப் பற்றியது. ஊரில் விராலுக்குத் தவளை கட்டித் தூண்டில் போட்டுப் பழகியவர்களுக்கு இந்த மீனின் குணம் உடனே பிடிபடும். பாசி ஓரம், அல்லி இலைக்கு அடியில், விழுந்து கிடக்கும் மரத்தின் நிழலில் ஒளிந்திருந்து பக்கத்தில் வருவதைப் பாய்ந்து விழுங்கும். தன் வாய்க்குள் அடங்கும் எதையும் ஒரு தடவை சோதித்துப் பார்த்துவிடும்.

கடைக்குப் போகும் முன் இரண்டு விஷயம்

டெக்சஸில் 17 வயது ஆனவர்கள் மீன் பிடிக்க லைசென்ஸ் வேண்டும். மாநிலப் பூங்காவின் கரையில் நின்று பிடிப்பதற்கு லைசென்ஸ் தேவையில்லை என்பதைக் கேள்விப்பட்டுப் பலர் ஏமாந்துபோகிறார்கள். அந்தச் சலுகை பூங்காக் கரைக்கும், முழுக்கப் பூங்காவுக்குள்ளேயே அடங்கிய குளத்துக்கும்தான். பூங்காவிலிருந்து கயாக்கை இறக்கி, வெளியே விரிந்து கிடக்கும் பெரிய ஏரிக்குள் போய்விட்டால் லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும். துடுப்பால் தள்ளும் கயாக்குக்குப் பதிவு கிடையாது. அதில் சின்ன எலக்ட்ரிக் மோட்டார் மாட்டினாலும் பதிவு செய்தாக வேண்டும்.

அளவு விதி இது: மாநிலம் முழுக்கப் பொதுவாக 14 அங்குலத்துக்குக் குறைந்த லார்ஜ்மவுத்தை வைத்துக்கொள்ளக் கூடாது, ஒரு நாளைக்கு 5 மீன். ஆனால் ஏரிக்கு ஏரி விதிவிலக்கு உண்டு. லேக் ஃபோர்க் ஏரியில் 16 முதல் 24 அங்குலம் வரை உள்ளதை விட்டுவிட வேண்டும். பெரிய மீனுக்குப் பேர்போன ஏரி அது. டெக்சஸின் சாதனை பாஸ், 18.18 பவுண்டு, 1992 ஜனவரியில் அந்த ஏரியில் பிடிபட்டதுதான். போகிற ஏரியின் விதியை மாநில வனவிலங்குத் துறையின் தளத்தில் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

முதல் படி: ராடு

கடையில் ராடுகள் காடு மாதிரி நிற்கும். ஒவ்வொன்றின் அடியிலும் மூன்று விஷயம் எழுதியிருக்கும்: நீளம், பவர், ஆக்‌ஷன். பவர் என்பது ராடை வளைக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது. லைட், மீடியம், மீடியம் ஹெவி, ஹெவி என்று போகும். ஆக்‌ஷன் என்பது எந்த இடத்தில் வளைகிறது என்பது. ஃபாஸ்ட் என்றால் நுனி மட்டும் வளையும், மாடரேட் என்றால் பாதி ராடு வரை வளையும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர்கள் குறைவு, நானும் குழம்பியவன்தான்.

முதல் ராடாக 7 அடி, மீடியம் பவர், ஃபாஸ்ட் ஆக்‌ஷன், ஸ்பின்னிங் வகை வாங்குங்கள். 7 அடி என்பது நான் சும்மா சொல்லும் எண் இல்லை. மாட்டிய பாஸ் ஏதோ ஒரு கட்டத்தில் கயாக்குக்கு அடியில் புகுந்து மறுபக்கம் போகும். அப்போது ராடின் நுனியைத் தண்ணீருக்குள் இறக்கி, கயாக்கின் மூக்கைச் சுற்றிக் கொண்டுபோய் அந்தப் பக்கம் எடுக்க வேண்டும். உங்கள் இருக்கையிலிருந்து மூக்கு வரை ஆறடிக்கு மேல் இருக்கும். கையை நீட்டினாலும் ஆறடி ராடு அதைத் தாண்டாது. நரம்பு கயாக்கின் அடிப்பாகத்தில் உரசி அறுந்துவிடும். ஏழரை அடிக்கு மேல் போனால் வேறொரு தொல்லை. மீனைப் பக்கத்தில் கொண்டுவரும்போது ராடு நீளமாக இருப்பதால் மீன் கைக்கு எட்டாத தூரத்திலேயே சுற்றும். வலையை நீட்டி எட்டிப் பிடிக்கச் சாயும் அந்த நொடியில்தான் பலர் கவிழ்கிறார்கள்.

நீளத்தைவிட முக்கியமானது கைப்பிடி. அதை யாரும் சொல்லித் தருவதில்லை. ரீலைப் பிடித்தபடி ராடை முன்கையோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். கைப்பிடியின் அடி முழங்கையைத் தாண்டி நீண்டிருந்தால் அது லைஃப் ஜாக்கெட்டில் இடிக்கும். கடையில் நின்றுகொண்டு பார்த்தால் இது தெரியாது. கூச்சப்படாமல் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து வீசுவது போலப் பாவனை செய்யுங்கள். நான் இரண்டாவது ராடு வாங்கும்போது லைஃப் ஜாக்கெட்டை வீட்டிலிருந்து எடுத்துப்போய்ப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு சிறுமி தன் அப்பாவிடம் அந்த ஆளுக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள். கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும்.

ஸ்பின்னிங்கா, பெய்ட்காஸ்டரா? ஸ்பின்னிங் ரீல் ராடுக்குக் கீழே தொங்கும், சுருள் அசையாது. பெய்ட்காஸ்டர் ராடின் மேல் உட்காரும், வீசும்போது சுருளே சுழலும். சுருள் வேகமாகச் சுற்றி, இரை மெதுவாகப் போனால் நரம்பு பொங்கிச் சிக்கு விழும். கரையில் நிற்கும்போது சிக்கு விழுந்தால் உட்கார்ந்து பொறுமையாகப் பிரிக்கலாம். கயாக்கில் நீங்கள் தலையைக் குனிந்து சிக்கெடுக்கும் அந்த ஐந்து நிமிடத்தில் காற்று உங்களைப் பாலத்தூணில் கொண்டுபோய் முட்டவைக்கும். அதனால் முதல் பருவம் முழுக்க ஸ்பின்னிங்கே போதும். 2500 என்ற அளவுள்ள ரீல், ராடோடு சேர்த்து 100 டாலரை ஒட்டி. இதற்கு மேல் கொடுத்து ஆரம்பிக்காதீர்கள், ஏனென்றால் முதல் வருடத்தில் ஒரு ராடாவது தண்ணீருக்குள் போகும்.

இரண்டாவது ராடு கை பழகிய பிறகு: 7 அடி, மீடியம் ஹெவி, ஃபாஸ்ட், பெய்ட்காஸ்டர். பாசிக்குள்ளிருந்து மீனைப் பிய்த்து எடுக்க இது வேண்டும்.

மூன்றாவது, இருந்தால் நல்லது: ஆறரை அடி, மீடியம், மாடரேட். இது நீர்மேல் துள்ளும் இரைகளுக்கு. அந்த இரைகளை ஆட்ட, ராடின் நுனியைக் கீழ்நோக்கித் தட்டித் தட்டி இழுக்க வேண்டும். நின்றுகொண்டு செய்தால் இடம் இருக்கும். உட்கார்ந்துகொண்டு 7 அடி ராடால் தட்டினால் ஒவ்வொரு தட்டுக்கும் நுனி தண்ணீரில் அடிக்கும். அரை அடி குறைந்தாலே நிலைமை மாறிவிடும்.

மூன்றுக்கு மேல் கயாக்கில் ஏற்ற வேண்டாம். ஆறு ராடுகளை முள்ளம்பன்றி மாதிரி நிறுத்திக்கொண்டு போகிறவர்களைப் பார்ப்பீர்கள். அவர்கள் தாழ்ந்த மரக்கிளைக்கு அடியில் போகும்போதும் ஒரு தடவை பாருங்கள்.

இரண்டாம் படி: நரம்பு

ஊரில் தங்கூசி என்றும் நரம்பு என்றும் சொல்வோமே, அந்த நைலான்தான் இங்கே மோனோ. இதோடு இன்னும் இரண்டு வகை: ஃப்ளோரோகார்பன், பிரெய்டு. பார்க்க மோனோவும் ஃப்ளோரோகார்பனும் ஒன்று போலவே இருக்கும், குணம் வேறு.

மோனோ ரப்பர் போல நீளும், கிட்டத்தட்ட மிதக்கும், விலை மலிவு. ஃப்ளோரோகார்பன் மூழ்கும், பாறையில் உரசினால் தாங்கும், தண்ணீரில் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. காரணம் எளிது: தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, இதனுடையது 1.42 பக்கம், நைலான் 1.5-ஐத் தாண்டிவிடும். தண்ணீரோடு எவ்வளவு நெருங்கியிருக்கிறதோ அவ்வளவு மறையும். பிரெய்டு என்பது மெல்லிய இழைகளைப் பின்னி எடுத்தது. துளியும் நீளாது, மிக மெல்லியது. 30 பவுண்டு பிரெய்டு 8 பவுண்டு மோனோவின் தடிமன்தான் இருக்கும் (பவுண்டு என்பது அறுந்துபோகாமல் நரம்பு தாங்கும் எடை). ஆனால் நன்றாகக் கண்ணுக்குத் தெரியும், பாறையில் உரசினால் சட்டென்று போய்விடும்.

மீன் கடித்ததும் நீங்கள் சுண்டும்போது கயாக் முன்னால் நகர்ந்து உங்கள் வேகத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். அதற்கு மேல் மோனோவும் தன் பங்குக்கு நீண்டால், முள் மீனின் தாடையைத் தொடும்போது அதில் பலமே மிஞ்சாது. அதனால் கயாக்கில் பிரெய்டுதான் என் முதல் தேர்வு. ஸ்பின்னிங் ரீலில் 10 அல்லது 15 பவுண்டு பிரெய்டைச் சுற்றி, நுனியில் ஐந்தாறு அடிக்கு 8 அல்லது 10 பவுண்டு ஃப்ளோரோகார்பனைக் கட்டுங்கள். கண்ணில் படாமல் இருக்கவும் உரசலைத் தாங்கவும் அந்த ஐந்தாறு அடி. பெய்ட்காஸ்டருக்கு 30 பவுண்டு பிரெய்டு. தவளை இரை போடுவதானால் 50. நீர்மேல் இரைக்கான ஆறரை அடி ராடுக்கு மட்டும் 12 பவுண்டு மோனோ. ஃப்ளோரோகார்பன் மூழ்கி இரையின் மூக்கைக் கீழே இழுக்கும், மோனோ கிட்டத்தட்ட மிதக்கும். இங்கே அது கொஞ்சம் நீள்வதும் நல்லதுதான். நீர்ப்பரப்பில் மீன் பாயும்போது பதறிப்போய் சீக்கிரமே சுண்டிவிடுகிறோம். அந்த அவசரத்தை மோனோ மன்னித்துவிடும்.

பெரிய மீனுக்குப் பெரிய நரம்பு என்று பயந்து தடிமனாக வாங்க வேண்டாம். மீன் இழுத்தால் கயாக் கூடவே போகும், அதுவே ஒரு பிரேக் மாதிரி. திறந்த தண்ணீரில் 8 பவுண்டு நுனி நரம்பிலேயே நல்ல மீனைக் களைக்கவைத்து எடுத்துவிடலாம். பாசியும் மரக்கட்டையும் உள்ள இடத்துக்குத்தான் தடிமன் வேண்டும்.

பிரெய்டைச் சுற்றும்போது ஒரு தப்பு செய்தேன். வெறும் சுருளில் நேராகக் கட்டிச் சுற்றிவிட்டேன். பிரெய்டு வழுக்கும், சுருளைக் கவ்விப் பிடிக்காது. நல்ல மீன் ஒன்று மாட்டியதும் ரீலைச் சுற்றுகிறேன், சுற்றுகிறேன், நரம்பு உள்ளே வரவே இல்லை. மொத்தச் சுற்றும் சுருளின் மேல் அப்படியே வளையம் போலச் சுழன்றுகொண்டிருந்தது. டிராக், அதாவது மீன் பலமாக இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீலின் பிரேக், கெட்டுவிட்டது என்று நினைத்து அதைத் திருகிக்கொண்டிருந்தபோதே மீன் போய்விட்டது. முதலில் பத்து, பதினைந்து சுற்று மோனோவைச் சுற்றி, அதன் மேல் பிரெய்டைக் கட்டுங்கள். அல்லது சுருளில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். விளிம்புக்கு அரைக்கால் அங்குலம் கீழே வரும் வரை நிரப்பினால் போதும். வழிய நிரப்பினால் வளையம் வளையமாகக் கழன்று விழும். வீசிய பிறகு ரீலின் கம்பி வளையத்தைக் கைப்பிடியைச் சுற்றி மூடாமல் கையாலேயே மடக்குங்கள். நரம்பு முறுக்கேறுவது பாதி குறையும்.

முடிச்சு: இரண்டு போதும்

இரையைக் கட்ட பாலோமர். நரம்பை அரை அடிக்கு இரட்டையாக மடித்து, அந்த மடிப்பை முள்ளின் கண் வழியே நுழையுங்கள். முள் தொங்கிக்கொண்டிருக்க, இரட்டை நரம்பால் ஒரு சாதாரண முடிச்சு, தளர்வாக. இப்போது மடிப்பின் நுனியில் இருக்கும் கண்ணியை விரித்து, முழு முள்ளையும் அதற்குள் விட்டு எடுங்கள். எச்சில் தொட்டு ஈரமாக்கி மெதுவாக இறுக்குங்கள். காய்ந்தபடியே இறுக்கினால் உராய்வுச் சூட்டில் நரம்பு பலமிழக்கும். பிரெய்டையும் ஃப்ளோரோகார்பனையும் சேர்க்க டபுள் யூனி. இதைவிட மெல்லியதாக உட்காரும் முடிச்சுகள் இருக்கின்றன, ஆனால் ஆடுகிற கயாக்கில் அறுந்ததை மறுபடி கட்ட வேண்டும் என்பதை மறக்காதீர்கள். வீட்டில் டிவி பார்த்துக்கொண்டே இருபது தடவை கட்டிப் பழகுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கட்ட வந்தால் ஏரிக்குப் போகலாம்.

மூன்றாம் படி: இரை

இங்கேதான் பணம் கரையும். கடையில் தொங்கும் இரைகளில் பாதி மீனைவிட மனிதனைப் பிடிக்கத்தான் செய்யப்பட்டவை. கயாக்குக்காரருக்கு ஒரு நல்ல வடிகட்டி இருக்கிறது: ஒற்றை முள்ளா, மூன்று முள்ளா? மூன்று கொக்கி ஒன்றாகச் சேர்ந்த முள் இங்கே ட்ரெபிள். அதுபோல் இரண்டு தொங்கும் இரையோடு துள்ளும் மீன் உங்கள் மடியில் விழுவதைக் கற்பனை செய்யுங்கள். எனக்குக் கற்பனை தேவையில்லை. ஒரு முள் மீன் வாயில், இன்னொன்று என் முழங்காலுக்கு மேலே கால்சட்டையில். மீன் துள்ளத் துள்ள என் தொடையும் கூடவே துள்ளியது. துணியோடு போனது அதிர்ஷ்டம். அதனால் தொடக்கத்தில் ஒற்றை முள் இரைகளையே வாங்குங்கள்.

முதலாவது, பிளாஸ்டிக் புழு. நிக் க்ரீமும் அவர் மனைவியும் 1949-இல் ஒஹையோவின் ஏக்ரன் நகரில், தங்கள் வீட்டு அடுப்பங்கரையில் காய்ச்சி வார்த்தது இந்தப் புழு. பிறகு அந்தக் கம்பெனி எங்கள் டெக்சஸின் டைலர் நகருக்கு வந்து சேர்ந்தது. இன்றைக்கும் பாஸுக்கு இதைவிட நம்பகமான இரை எனக்குத் தெரியாது. இதை மாட்டும் விதத்துக்கு டெக்சஸ் ரிக் என்று பெயர். வேண்டியவை: துப்பாக்கிக் குண்டு வடிவ எடை 3/16 அவுன்ஸ், 3/0 அளவு வளைந்த கழுத்து முள், ஆறு அல்லது ஏழு அங்குலப் புழு. முதலில் எடையை நரம்பில் கோத்துவிட்டு முள்ளைக் கட்டுங்கள். முள்ளின் நுனியைப் புழுவின் தலையில் நேராகக் கால் அங்குலம் செருகி, பக்கவாட்டில் வெளியே எடுங்கள். முள்ளின் கண் தலைக்குள் மறையும் வரை இழுத்து, முள்ளை அரைவட்டம் திருப்புங்கள். இப்போது முள்ளைப் புழுவின் பக்கத்தில் தொங்கவிட்டுப் பாருங்கள். வளைவு எங்கே வருகிறதோ அந்த இடத்தில் புழுவைக் கொஞ்சம் மேலே தள்ளி, நுனியைக் குத்தி மறுபக்கம் கொண்டுவந்து, தோலுக்கடியில் லேசாக மறையுங்கள். புழு நேராகத் தொங்க வேண்டும். வளைந்திருந்தால் தண்ணீரில் சுழன்று நரம்பை முறுக்கும், மீனும் தொடாது. பிரித்து மறுபடி மாட்டுங்கள்.

நுனி மறைந்திருப்பதால் இது பாசியில் சிக்காது, கட்டையில் மாட்டாது. கயாக்கில் இது பெரிய விஷயம். மாட்டிய இரையை எடுக்கத் துடுப்புப் போட்டு அந்த இடத்துக்கே போனால் அங்கே இருந்த மீன் எல்லாம் ஓடிவிடும்.

வீசுங்கள், தரை தொடும் வரை விடுங்கள். நுனியை மெல்ல உயர்த்தி, மறுபடி இறங்கவிடுங்கள். கொத்து பெரும்பாலும் இறங்கும்போதுதான் வரும். டக் டக் என்று இரண்டு தட்டு, அல்லது நரம்பு தானாகப் பக்கவாட்டில் நகரும். உடனே சுண்டாதீர்கள். தளர்வு போகும் வரை ரீலைச் சுற்றி, பிறகு பக்கவாட்டில் ராடை வீசி இழுங்கள். நேராகத் தலைக்கு மேலே ஓங்கி இழுத்தால் மீன் விட்டுவிடும் நேரத்தில் நீங்கள் பின்பக்கம் சாய்வீர்கள்.

இரண்டாவது, யமமோட்டோ கம்பெனியின் சென்கோ வகை. பார்க்க ஒன்றுமில்லாத பென்சில் மாதிரி ஐந்து அங்குலக் குச்சி. ஆனால் உப்பு கலந்து செய்ததால் எடை இல்லாமலே மூழ்கும், மூழ்கும்போது இரண்டு முனையும் நடுங்கும். நடுவில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டி, அதில் 1/0 முள்ளைச் செருகிவிட்டால் வேலை முடிந்தது. நீங்கள் எதுவுமே செய்ய வேண்டாம், விழவிட்டால் போதும். முதல் மீனைப் பிடிக்கும் வரை இதைத் தவிர வேறு எதையும் போடாதீர்கள் என்றுதான் புதிதாக வரும் நண்பர்களிடம் சொல்வேன்.

மூன்றாவது, ஸ்பின்னர்பெய்ட், 3/8 அவுன்ஸ். வளைந்த கம்பியின் ஒரு பக்கம் சுழலும் தகடு, மறுபக்கம் பாவாடை கட்டிய முள். காற்றடித்துக் கயாக் தானாக நகரும் நாளில், புழுவைத் தரையில் நிறுத்திவைக்க முடியாத நாளில், இதை வீசிச் சுற்றிக்கொண்டே போகலாம். கலங்கல் தண்ணீரிலும் தகட்டின் அதிர்வை மீன் உணரும்.

நான்காவது, உள்ளீடற்ற ரப்பர் தவளை. விராலுக்கு இப்போது தமிழ்நாட்டிலும் இதையே வீசுகிறார்கள். முள் இரண்டு என்றாலும் இரண்டும் முதுகோடு ஒட்டியிருப்பதால் பாசி மெத்தை மேலேயே இழுத்து வரலாம். பாஸ் பாசியைக் கிழித்துக்கொண்டு மேலே வரும் சத்தம் ஒரு தடவை கேட்டால் தூக்கம் போய்விடும். மீன் பாசிக்குள் புதைந்துகொண்டால் மல்லுக்கட்ட வேண்டாம். நரம்பை இறுக்கமாக வைத்துக்கொண்டு சுற்றினாலே கயாக் பாசி மேல் வழுக்கி மீனிடம் போய்ச் சேரும். பெரிய படகுக்காரர்களால் செய்ய முடியாத ஒரே காரியம் இதுதானோ என்னவோ.

மலைப்பாங்கான மத்திய டெக்சஸின் ஓடைகளில் குவாடலூப் பாஸ் இருக்கிறது. 1989 முதல் மாநிலத்தின் மீன், வேறெங்கும் இயற்கையாக இல்லாதது, சின்ன மீன். அதற்கு எல்லாமே ஒரு அளவு சின்னதாக வேண்டும்: மூன்று அங்குலப் பிளாஸ்டிக், 1/10 அவுன்ஸ் காளான் தலை முள், அதாவது நெட் ரிக். அதே ஸ்பின்னிங் ராடு போதும்.

ட்ரெபிள் முள் இரைகளில் ஆசை வந்தால் தண்ணீர் மேல் சத்தமிட்டுத் துள்ளும் பாப்பரையோ, தண்ணீர் மேல் இடமும் வலமுமாக நடக்கும் ஸாரா ஸ்பூக் போன்றதையோ ஒன்று வாங்குங்கள். கோடையின் விடியற்காலைக்கு அது வேண்டும். முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கி நீட்டியிருக்கும் சின்னக் கூரை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். ஆழத்தில் பாயும் பெரிய உதட்டு கிராங்க்பெய்ட்டை மட்டும் தள்ளிவையுங்கள். அது தண்ணீரைக் கவ்வும் வேகத்தில் உங்களையும் இழுத்துக்கொண்டு போகும். ஆழத்துக்கு வேண்டுமானால் 3/8 அவுன்ஸ் எடை வைத்த டெக்சஸ் ரிக்கைப் போடுங்கள்.

நிறத்தில் குழம்ப வேண்டாம். தெளிந்த தண்ணீருக்கு கிரீன் பம்ப்கின் எனும் பாசிப் பச்சை, கலங்கலுக்குக் கறுப்பும் நீலமும். பிளாஸ்டிக்கை அதன் பையிலேயே வையுங்கள். இழுத்தால் ரப்பராக நீளும் ஸீ-மேன் கம்பெனிப் புழுக்களை மற்றவற்றோடு ஒரே பெட்டியில் போட்டு டெக்சஸ் வெயிலில் காரில் விட்டேன். மாலையில் திறந்தால் எல்லாம் உருகி அல்வாவாக இருந்தது.

கயாக்கில் அடுக்குவது

மொத்த இரையும் ஒரே பெட்டிக்குள் அடங்க வேண்டும், அது கால்களுக்கு நடுவே இருக்க வேண்டும். பின்னால் வைத்ததை எடுக்கத் திரும்பினால் கயாக் சாயும். பயன்படுத்தாத ராடுகளை இருக்கைக்குப் பின்னால் நிறுத்தினால் வீசும்போது அவற்றில் இரை மாட்டும். அதனால் வெளிப்பக்கமாகச் சாய்த்து வையுங்கள். ஒவ்வொரு ராடுக்கும், இடுக்கிக்கும், துடுப்புக்கும் ஒரு கயிறு கட்டுங்கள். நான் கவிழ்ந்த அன்று கயிறு கட்டாத இரண்டு ராடுகள் போயின. கட்டியிருந்த துடுப்பு மட்டும் பக்கத்திலேயே மிதந்துகொண்டிருந்தது. கரையிலிருந்து தள்ளும்போதும் கரையேறும்போதும் ராடுகள் படுத்தே இருக்கட்டும். கவிழ்வது பெரும்பாலும் அந்த இரண்டு நேரத்தில்தான். லைஃப் ஜாக்கெட்டைப் பெரியவர்கள் கயாக்கில் வைத்திருந்தாலே சட்டப்படி போதும், 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் போட்டே ஆக வேண்டும். நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள், விழுந்த பிறகு அதை மாட்ட நேரம் இருக்காது.

காற்று மணிக்கு 10 மைலைத் தாண்டினால் புதியவர் அன்றைக்குப் புழு போட முடியாது. கயாக் நகரும் வேகத்தில் நரம்பு வில்லாக வளைந்து, கொத்து எதுவுமே கைக்குத் தெரியாது. சின்ன நங்கூரம் போடலாம், அதைக் கயாக்கின் முனையில் கட்டுங்கள், நடுப்பக்கத்தில் வேண்டாம். நடுவில் கட்டினால் அலை பக்கவாட்டில் அடித்துக் கவிழ்க்கும். இல்லாவிட்டால் கயாக்கின் மூக்கைப் பாசிக்குள் செருகிவிடுங்கள், அதுவே பிடித்துக்கொள்ளும்.

மீன் பக்கத்தில் வந்த பிறகு

டிராக்கை முன்கூட்டியே சோதித்து வையுங்கள். நரம்பைக் கையால் பிடித்து இழுத்தால் கொஞ்சம் தயங்கி, பிறகு வழுக்கி வர வேண்டும். மீன் துள்ளும்போது ராடைத் தாழ்த்துங்கள், கால்களை ஒருபோதும் ஒரே பக்கம் போடாதீர்கள். ரப்பர் பூசிய வலை வாங்குங்கள். நூல் வலையில் முள் சிக்கி, மீனும் நீங்களும் ஒரே மூட்டையாகிவிடுவீர்கள். விராலுக்கு இருப்பது போன்ற கூரான பல் பாஸுக்குக் கிடையாது, உப்புத்தாள் மாதிரி சொரசொரப்புதான். ஒற்றை முள் என்றால் கட்டைவிரலைக் கீழ்த்தாடைக்குள் வைத்துத் தூக்கலாம். ட்ரெபிள் என்றால் விரலே கிட்டப் போகக் கூடாது, இடுக்கிதான்.

விடப்போகும் மீன் என்றால் நனைந்த கையால் பிடியுங்கள். உலர்ந்த துண்டால் பிடித்தால் மேலிருக்கும் வழவழப்பு போய்விடும். கயாக் போட்டிகளில் மீனை எடை போடுவதில்லை. அளவுப் பலகையில் கிடத்தி, படம் எடுத்து, அங்கேயே விட்டுவிடுகிறார்கள். ஒரு பலகை வாங்கி மடியில் வைத்துக்கொண்டால் 14 அங்குலமா 13 முக்காலா என்ற சந்தேகமும் தீரும்.

கரையேறியதும் இரண்டு நிமிட வேலை பாக்கி இருக்கிறது. கயாக்கின் அடியில் இருக்கும் வடிகுழாய் மூடியைத் திருகி, உள்ளே தேங்கியதையெல்லாம் அங்கேயே வடித்துவிடுங்கள், ஒட்டியிருக்கும் பாசியைப் பிய்த்துப் போடுங்கள். ஸீப்ரா மஸ்ஸல் எனும் சின்ன வரிச்சிப்பி ஏரி விட்டு ஏரி பரவுவது இப்படித் தேங்கும் தண்ணீரில்தான். தண்ணீரை வடித்துவிட வேண்டும் என்பது டெக்சஸில் விதி, 2014 முதல் துடுப்புப் போடும் கயாக்குக்கும் அது பொருந்தும். வீட்டுக்கு வந்ததும் இரைப்பெட்டியைத் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த சனிக்கிழமை முள் எல்லாம் துருப்பிடித்திருக்கும்.